ஒற்றைச் சிறகு பயிற்சி மாணவரின் அடையாளம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் லங்காஸ்டர் விமானத்தின் முன்னே ஏழு பேர் நிற்கும் படத்தின் கீழ், மார்பில் இரட்டைச் சிறகுச் சின்னம் அணிந்தவர் விமானி என்றும், ஒற்றைச் சிறகு அணிந்த மற்ற அறுவரும் பயிற்சியை முடிக்காதவர்கள் என்றும் குறிப்பு அச்சாகியிருந்தது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி முற்றிலும் தவறு.

ஒற்றைச் சிறகின் அடியில், இலைவளையத்துக்குள் இருக்கும் ஆங்கில எழுத்துதான் அந்த மனிதர் கற்றுத் தேறிய தொழிலைச் சொல்கிறது. ‘என்’ என்றால் வழி கணிக்கும் நேவிகேட்டர். ‘பி’ (B) என்றால் குண்டைக் குறிபார்த்து வீசுபவர். ‘இ’ விமானப் பொறியாளர். ‘ஏஜி’ துப்பாக்கி வீரர். இடது மார்புப் பைக்கு மேலே தைக்கப்படும் இந்தச் சின்னம், உரிய பள்ளியில் பயின்று தேர்வில் வென்ற பிறகே கிடைத்தது. விமானிப் பயிற்சியில் தேறாத பலர் நேவிகேட்டராகவும் குண்டு வீசுபவராகவும் மாற்றப்பட்டார்கள் என்பது உண்மை. கட்டுரையாளரின் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அவர்களும் புதிய தொழிலை முதலிலிருந்து கற்றுத் தேறித்தான் சிறகைப் பெற்றார்கள்.

துப்பாக்கி வீரரின் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, கண்ணைக் கட்டிக்கொண்டும் மீண்டும் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் நள்ளிரவில் பல ஆயிரம் அடி உயரத்தில் அது அடைத்துக்கொண்டால் விளக்குப் போட்டுப் பார்க்க முடியாது. எதிரி விமானத்தையும் நம் விமானத்தையும் நிழலுருவை வைத்தே நொடிப்பொழுதில் பிரித்தறிய வேண்டும். பிறகு, இன்னொரு விமானம் இழுத்துச் செல்லும் துணிக்குழல் இலக்கின் மீது வானிலிருந்தே சுட வேண்டும். ஒவ்வொருவருடைய தோட்டாக்களின் முனையும் வெவ்வேறு வண்ணத்தில் தோய்க்கப்பட்டிருக்கும். இலக்கு தரைக்கு வந்ததும் துளைகளின் ஓரத்தில் ஒட்டிய வண்ணத்தைப் பார்த்து யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று எண்ணுவார்கள். நேவிகேட்டருக்கோ கணக்கும் வரைபடமும் விண்மீன் நோக்கி இடம் அறியும் கலையும் பாடமாயின. 1939 டிசம்பர் 17 அன்று ஒட்டாவாவில் கையெழுத்தான காமன்வெல்த் நாடுகளின் கூட்டு விமானப் பயிற்சித் திட்டத்தின்கீழ் கனடாவில் மட்டும் தேறியவர்கள் 1,31,553 பேர். அவர்களில் விமானிகள் பாதிகூட இல்லை.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. தொழில் முன்னே சென்றது. சின்னம் பின்னால் வந்தது. போர் தொடங்கியபோது துப்பாக்கி வீரர்களில் பலர் தரையில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, அழைத்தபோது பறந்தவர்கள். சிறகு முளைத்த தோட்டா வடிவிலான சிறு பித்தளைச் சின்னம் ஒன்றே அவர்கள் சட்டைக் கையில் இருந்தது. ‘ஏஜி’ சிறகு 1939 டிசம்பரில்தான் வந்தது. பறப்பவர்களுக்குக் குறைந்தது சார்ஜென்ட் பதவி என்பது 1940 மே மாதத்தில்தான் விதியாயிற்று. நான்கு எஞ்சின் விமானங்களில் பொறியாளர்கள் 1941-லேயே பறந்துகொண்டிருந்தார்கள். ‘இ’ சிறகு அவர்களுக்கு 1942-இல் கிடைத்தது. வானொலி இயக்குபவர்களோ 1944-இல் ‘எஸ்’ எழுத்து வரும்வரை துப்பாக்கி வீரருக்குரிய ‘ஏஜி’ சிறகையே அணிந்தார்கள்.

அதற்கு நேர்மாறானது ‘ஓ’ சின்னத்தின் கதை. வழி கணிப்பதையும் குண்டு வீசுவதையும் ஒருவரே செய்த காலத்தில், ‘அப்சர்வர்’ எனப்பட்டவர்களுக்கு உரியது அது. 1915 முதல் வழக்கில் இருந்தது. (படையினர் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயரை நாளிதழில் எழுத இயலாது.) 1942-இல் அந்தப் பணி இரண்டாகப் பிரிக்கப்பட்டு ‘என்’, ‘பி’ எழுத்துகள் வந்தபோதும், பழையவர்களில் பலர் தாங்கள் ஈட்டிய ‘ஓ’வைக் கழற்ற மறுத்து இறுதிவரை பெருமையுடன் அணிந்திருந்தார்கள்.

இவை யாவும் தேர்ச்சிக்கான சின்னங்கள். போர்க்களம் காணும் முன்பே கிடைத்தவை. களத்தில் ஈட்ட வேண்டியது வேறொன்று: 1942 ஆகஸ்டில் தொடங்கிய ‘பாத்ஃபைண்டர்’ படையின் பொன்னிறக் கழுகு. பின்வரும் விமானங்கள் குறிபார்ப்பதற்கான எரிவிளக்கை இலக்கின் மீது முன்னதாக இட்டுச் செல்லும் அந்தப் படையினருக்குக் கழுகு முதலில் தற்காலிகமாகவே வழங்கப்பட்டது. பிடிபட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் தாக்குதலுக்குப் போகும்போது அதை அணியக் கூடாது. சிறகைப் பறிக்கவும் வழி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து பறக்க மறுத்தவர்கள் மீது ‘மன உறுதி இல்லாதவர்’ என்று முத்திரை குத்தி, தேர்வில் வென்று பெற்ற சின்னத்தைச் சட்டையிலிருந்து அகற்றினார்கள். கற்ற கல்வியை அச்சம் எப்படி அழிக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தங்கள் படத்துக்கே திரும்புகிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மூவர் ‘ஏஜி’ அணிந்திருப்பது தெரிகிறது. லங்காஸ்டரில் துப்பாக்கி வீரர்கள் இருவர்தான். மூன்றாமவரின் சட்டைக் கையில் மின்னல்களைப் பற்றிய கைமுட்டிச் சின்னம் இருப்பதால் அவர் வானொலி இயக்குபவர். இடக்கோடியில் நிற்பவர் ‘ஓ’ அணிந்த மூத்தவர். எஞ்சிய இருவரிடம் ‘பி’யும் ‘இ’யும் உள்ளன. ஆக, அது பயிற்சி மாணவர் எவரும் இல்லாத, முழுமையான ஒரு விமானக் குழு. அடுத்த ஞாயிறு இணைப்பில் படக்குறிப்பை இவ்வாறு திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி