எழுபத்தொரு வயது மாணவி

ரீகா, லாட்வியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. முழங்கால் ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. ஃபிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் பாலர் பள்ளியில் லாட்விய மொழியிலேயே சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

"பகல் முழுக்க அங்கே என்னதான் பண்ணுவே?" என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே. இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன்! முப்பது வருடம் பாங்கில் லெட்ஜர் பார்த்தவனுக்கு இது தேவையா என்று நீ கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆயுசைக் கழித்தவன் நீ. அதனால்தான் உனக்கு இதை விரிவாக எழுதுகிறேன்.

மாணவி ஒரே ஆள், எதிர் வீட்டு அம்மா. வயது 71. மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோவியத் காலத்துப் படிப்பு என்பதால் ரஷ்ய மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பள்ளியில் கொஞ்சம் ஜெர்மனும் படித்திருக்கிறார். இங்கிலீஷ்தான் வாய்க்கவில்லை. 2004 மே மாதம் லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் இந்த ஊர்க்காரர்களை உடனே வேலைக்கு அனுமதித்தன. இன்று மொத்தமே இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாடு இது. அப்போது கிளம்பிய கூட்டத்தில் இவர் மகனும் ஒருவன். அயர்லாந்தில் காளான் பண்ணை வேலை, அப்புறம் அங்கேயே கல்யாணம். பேத்திக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். பாட்டியும் பேத்தியும் வீடியோவில் கையாட்டிச் சிரித்துக்கொள்வார்கள், அதோடு சரி. அது போதவில்லை இந்த அம்மாவுக்கு.

ஆக, ஒரு பண்டமாற்று. நான் அவருக்கு இங்கிலீஷ், அவர் எனக்கு லாட்வியன். செவ்வாய், வெள்ளி, அவர் சமையலறை மேஜையில்.

முதல் நாளே எனக்கு ஓர் அதிர்ச்சி. ‘ஐ ஹேவ் எ ஹவுஸ்’ என்று ஆரம்பித்தேன். அவர் முகம் சுருங்கியது. லாட்விய மொழியில் அப்படிச் சொல்வதில்லையாம். ‘மன் இர் மாய’. மன் என்றால் ‘எனக்கு’, இர் என்றால் ‘இருக்கிறது’, மாய என்றால் ‘வீடு’. எனக்கு வீடு இருக்கிறது! நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரி, குளிருகிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? ‘மன் இர் அவுக்ஸ்தி’, எனக்குக் குளிராக இருக்கிறது. பிடிக்கிறது? ‘மன் பதீக்’. வேண்டும்? ‘மன் வயக்’. தலை வலிக்கிறது? ‘மன் ஸாப் கல்வ’. வயதைக்கூட ‘எனக்கு இத்தனை ஆண்டு’ என்றுதான் சொல்கிறார்கள். ‘ஐ ஆம் கோல்டு’ என்றால் நானே குளிரா என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை ஆறாம் வகுப்பில் நானும் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றாமல் மனப்பாடம் செய்துவிட்டோம், இல்லையா?

அன்றிலிருந்து அவருக்கு நான் எதையும் இங்கிலீஷிலிருந்து விளக்குவதில்லை. என் உடைந்த லாட்வியனில், தமிழ் வழியாகத்தான் போகிறேன். அது வேலை செய்கிறது. உடம்பைப் பார். அவர்களுக்கு ‘ருவக’ என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாம் கை. ‘காய’ என்றால் தொடையிலிருந்து பாதம் வரை எல்லாம் கால். ‘பிர்க்ஸ்ட்ஸ்’ என்றால் விரல், கையில் இருந்தாலும் காலில் இருந்தாலும். அப்படியே நம் கணக்கு! இங்கிலீஷ்காரன்தான் ஆர்ம், ஹேண்ட், லெக், ஃபுட், ஃபிங்கர், டோ என்று துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறான். ‘மை லெக் ஃபிங்கர் இஸ் பெய்ன்’ என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்விரல்தானே, தப்பென்ன?

நீ, நீங்கள் என்ற பேதமும் அவர்களுக்கு உண்டு: ‘து’, ‘யூஸ்’. நாங்கள் இருவரும் மூன்று வருடமாக ‘யூஸ்’தான். பாதிரியாரையும் பூனையையும் ஒரே ‘யூ’வில் கூப்பிடுவதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எல்லாமே இப்படி ஒத்துப்போகிறது என்று நினைத்துவிடாதே. மணி விஷயத்தில் நான் தோற்றேன். ‘புஸ்தெவிஞி’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அரை ஒன்பது’. அது எட்டரை மணி. ஒன்பதாவது மணியில் பாதி ஓடியிருக்கிறது என்பது கணக்கு. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ‘ஹாஃப் நைன்’ என்றால் ஒன்பதரை. மகன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேஸ்திரி ‘வேன் ஹாஃப் செவனுக்கு வரும்’ என்றிருக்கிறார். பையன் ஆறரைக்கே போய், வேன் வரும்வரை ஒரு மணி நேரம் மழையில் நின்றான். அம்மா இதை இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். ஆனால் முதல் பாடமாக மணி சொல்லக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

அப்புறம் ஜாம் கதை. மருமகள் அயர்லாந்திலிருந்து ஒரு பாட்டில் ஜாம் அனுப்பியிருந்தாள். லேபிளில் ‘நோ ப்ரிசர்வேட்டிவ்ஸ்’ என்று கொட்டை எழுத்தில். அம்மா அதை என்னிடம் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, "இதை ஏன் ஜாமில் தனியாகச் சொல்ல வேண்டும்?" என்றார். லாட்வியனில் ‘ப்ரெசெர்வதீவ்ஸ்’ என்றால் ஆணுறை. இத்தனை வருடம் மருந்துக்கடையில் அதை எடுத்துக் கொடுத்தவருக்கு வேறென்ன தோன்றும்? விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, வெளியே மைனஸ் 9 டிகிரி.

மரபுத்தொடர்களில்தான் வகுப்பு களைகட்டும். பொய்யும் புளுகும் அளந்தால் ‘குட்டி வாத்துகளை ஊதுகிறான்’ என்பார்கள். நாம் காதில் பூ சுற்றுகிறோம். சின்ன விஷயத்தைப் பெரிதாக்கினால் அவர்களுக்கு ஈ யானையாகிறது, இங்கிலீஷில் அகழெலி தோண்டிய மண் மலையாகிறது. நாம் ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவோம் என்று சொன்னதும், பெருமாள் யார் என்று கேட்டு அரை மணி நேரம் போயிற்று. ஒரே கல்லில் நமக்கு இரண்டு மாங்காய், இங்கிலீஷில் இரண்டு பறவை, இவர்களுக்கு ஒரே வேட்டில் இரண்டு முயல். நம்முடையதில்தான் உயிர்ச்சேதம் இல்லை என்று பெருமையடித்துக்கொண்டேன்.

தொல்லை கொடுப்பவனை விரட்ட ‘எய் பெகுவத்’ என்பார்கள். ‘போய்க் காளான் பறி’ என்று அர்த்தம். டெலிபோனில் எதையோ விற்க வந்தவனிடம் அவர் ஒருநாள் இதைச் சொன்னார். இங்கிலீஷில் இதற்கு என்ன என்று கேட்டார். ‘கெட் லாஸ்ட்’ என்றேன். எழுதிக்கொண்டவர், கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, "என் பிள்ளை நிஜமாகவே அதற்குத்தான் போனான்" என்றார். அன்று வேறு பாடம் நடத்தவில்லை. தேநீர் குடித்தோம்.

போன மாதம் பேத்திக்குப் பள்ளி நாடகம். வாழ்த்துச் சொல்ல வேண்டும். இவர்கள் ஊரில் யாருக்காவது நல்லது நடக்க வேண்டுமென்றால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ‘ஐ ஹோல்டு தம்ஸ்’ என்று சொன்னால் குழந்தைக்குப் புரியாது, ‘ஃபிங்கர்ஸ் கிராஸ்டு’ என்று சொல்லுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாடகக்காரர்கள் ‘பிரேக் எ லெக்’ என்றும் சொல்வார்கள் என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். நோட்டை மூடிவிட்டார். பேத்தியைப் பார்த்துக் காலை உடைத்துக்கொள் என்று எந்தப் பாட்டி சொல்வாள்? உன் ஆபரேஷன் செய்தியும் அதே வாரம்தான் வந்தது. நானும் அதற்கு மேல் வாதாடவில்லை.

இப்போது உன் உதவி வேண்டும். ‘கிவ்’ என்றால் கொடு, சரி. ‘கிவ் அப்’, ‘கிவ் இன்’, ‘கிவ் அவே’? இவர்கள் மொழியிலும் இந்த மாதிரி உண்டு, ஆனால் ஒட்டு முன்னால் வரும்: ‘இயெத்’ என்றால் போ, ‘இஸ்இயெத்’ என்றால் வெளியே போ, ‘அய்ஸ்இயெத்’ என்றால் அப்பால் போய்விடு. முன்னால் இருப்பதைப் பின்னால் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ‘அப்’ என்றால் மேலே, அப்படியானால் ‘கிவ் அப்’ என்றால் மேலே தூக்கிக் கொடுப்பதா என்கிறார். நீ பிள்ளைகளுக்கு இதைச் சின்னச் சின்னக் கதையாகச் சொல்வாயே, அந்தப் பழைய நோட்டு இருந்தால் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. பேத்தி ஜூலையில் வருகிறாள், ஆறு வாரம்தான் இருக்கிறது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: உனக்கென்று அவர் ஒரு பாட்டில் ஜாம் கொடுத்திருக்கிறார், காட்டிலிருந்து அவரே பறித்த பழம். ஆகஸ்டில் மகள் ஊருக்கு வரும்போது கொண்டுவருவாள். லேபிளில் பழத்தின் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறோம்.