சாய்ந்த மரத்தை அளந்துவிட்டு விலை பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருங்காற்று அடித்து ஓய்ந்ததும் எங்கள் ஆலங்குடி, வடகாடு பக்கத்துத் தோட்டங்களுக்கு முதலில் வந்து நிற்பவர்கள் மர வியாபாரிகள்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகும் அப்படித்தான் நடந்தது. பாட்டன் காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தன. யாராவது எடுத்துப் போனால் போதும் என்று விவசாயிகள் விறகு விலைக்கே கொடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தேடி அலைகிற பலாக் கட்டை விறகோடு விறகாக லாரியில் ஏறியது. மரவேலை செய்து பிழைப்பவனாகிய எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

மரத்தை அளக்கத் தெரிந்தால் இந்த இழப்பில் பாதியைத் தடுக்கலாம். கட்டையின் நடுவில் நூல் பிடித்துச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தின் அடிக்கணக்காலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். சுற்றளவு 72 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 22.5 கன அடி. உண்மையில் அந்தக் கட்டையில் இருப்பது 28.6 கன அடி. அறுப்புச் சேதாரத்துக்கென்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கணக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறது, அது நியாயம்தான். ஆனால் வியாபாரிகள் நுனிப் பக்கம் 60 அங்குலத்தில் நூலைப் பிடித்து 15.6 கன அடி என்று எழுதிக்கொண்டு, அதற்கு மேலும் பட்டைக்கு, பொந்துக்கு என்று கழிக்கிறார்களே, அது கொள்ளை. ஒரே கட்டையில் ஏழு கன அடி போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய சேதம் துண்டு போடுவதில் நடக்கிறது. பருத்த அடிமரத்தைத் தூக்க முடியாது என்று நாலடி நாலடியாக அறுத்துவிடுகிறார்கள். ஏழடி நீளம் இருந்தால்தான் கதவு நிலைக்குச் சட்டம் எடுக்கலாம். நாலடித் துண்டு எவ்வளவு வைரம் பாய்ந்ததாக இருந்தாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும். மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் அறுக்கும் வாளை மரத்திடம் கொண்டுவர வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று பெரிய வாளால் இழுத்து அறுத்த காலத்தில் தோட்டத்திலேயே பலகை எடுத்தவர்கள்தானே நாம்? இன்று சட்டகம் பொருத்திய செயின் ரம்பமும், இடம்விட்டு இடம் இழுத்துச் செல்லும் பட்டை ரம்பமும் (பேண்ட் சா) இருக்கின்றன. செயின் ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் கால் அங்குலத்துக்கு மேல் தூளாக்கிவிடும். அதில் கனத்த சட்டங்களை மட்டும் எடுப்பது நல்லது. ஓரங்குலப் பலகைக்குப் பட்டை ரம்பம்தான் சரி. வீட்டு வாசலில் நின்ற வேம்பு, புளி என்றால் ஆணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுத்த பலகைகளுக்கு இடையில் குச்சி கொடுத்து நிழலில் அடுக்கி, இரு முனைகளிலும் பெயிண்ட் பூசிவிட்டால் வெடிப்பு குறையும்.

கஜாவின்போது சாய்ந்த தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் கொடுத்தது. அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அகற்றுவதற்கு. அகற்றப் பணம் கொடுத்த அரசு, மரத்தைப் பயன்படுத்தவும் வழி செய்திருக்க வேண்டாமா? வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் வாடகைக்கு விடுகிறது. அதேபோல நகரும் பட்டை ரம்பங்களையும் வாங்கி வைக்கட்டும். மர அறுவை மில்லுக்கு உரிமம் தரும் வனத்துறை, புயல் பாதித்த ஊர்களில் இந்த ரம்பங்கள் இயங்கத் தற்காலிக அனுமதி வழங்கட்டும். நிவாரணக் கணக்கெடுக்க வரும் அலுவலர், சாய்ந்த மரங்களின் எண்ணிக்கையோடு அவற்றின் நடுச்சுற்றளவையும் நீளத்தையும் கன அடியையும் ஒரு சீட்டில் எழுதி விவசாயியிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே மாவட்ட ஆட்சியர்கள் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மரத்தச்சர் ஒருவர்,
ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.