பூட்டிய வீடுகளும் வாதாடும் பிள்ளைகளும்

கோட்டையூர்,
8.7.2020

அன்புத் தோழி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மதுரையில் கொரோனாவுக்காகப் போட்ட முழு ஊரடங்கை 12-ஆம் தேதி வரை நீட்டித்துவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறேன். காய்கறிக்குக்கூட நீ வெளியே போகாதே. சர்க்கரை மாத்திரையைத் தீரும்வரை விட்டுவைக்காமல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள். மருத்துவமனைப் பணி முடிந்து வரும் மகள் மாடியிலேயே தனித்து இருக்கிறாள், சாப்பாட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. அவளுக்கு என் ஆசியைச் சொல்.

இங்கே எல்லோரும் நலம். தம்பி மகள் கல்யாணம் ஆனி மாதத்தில் நடந்து முடிந்தது. நம் பக்கத்துக் கல்யாணம் எப்படி நடக்கும் என்பது உனக்குத் தெரியாததா? 50 பேருக்கு மேல் கூடாது என்ற விதிக்குள் பங்காளிகளை அடக்குவதா, தாயபிள்ளைகளை அடக்குவதா என்று தம்பி தவித்துப்போனான். மாப்பிள்ளையின் பெரியப்பா பினாங்கிலிருந்து வர முடியவில்லை. திருப்பூட்டித் தாலி கட்டுவதைக் கைபேசியில் பார்த்துக் கண்ணீர் விட்டார்.

இனி, நீ எழுதியிருந்த அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைபேசியைத் தவிர வேறு நினைப்பே இல்லை’ என்று எழுதியிருந்தாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த இரண்டரை மாதமாக என் வீட்டு வளவில், அந்தத் தூண் சூழ்ந்த நடு முற்றத்தில், நான் கேட்டுக்கொண்டிருப்பதை நீயும் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டாய்.

மார்ச் மாதம் ஊருக்கு வந்த பேத்தியும் பேரனும் இங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. பேத்தி சட்டம் படிக்கிறாள், பேரன் பொறியியல். பக்கத்துத் தெருவில் மதுரையில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி விடுதியை மூடியதும் வந்துவிட்டாள். ஆத்தங்குடித் தரைக்கல் போடும் குடும்பத்துப் பையன் ஒருவன் அழகப்பா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறான். பட்டறை மூடிக் கிடந்ததால் அவனுக்கும் வேலை இல்லை. எதிர்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் மகள் பத்தாம் வகுப்பு. ஏப்ரல் கடைசியிலிருந்து மாலை ஐந்து மணிக்கு இவர்கள் கூடுகிறார்கள். தூணுக்கு ஒருவர் என்று உட்கார்ந்துகொள்வார்கள். இடைவெளிக்கு அதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம். முகக்கவசத்தோடு பேசுவதால் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்ததும் உண்டு.

மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் சாவுதான் இவர்களை முதலில் உட்கார வைத்தது. ஏப்ரல் 19 அன்று சென்னையில் தொற்றால் இறந்த அந்த நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லால் அடித்ததும், கடைசியில் சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி எடுத்துக் குழியை மூடியதும் உனக்கு நினைவிருக்கும். கல்லெறிந்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் நர்சிங் படிக்கும் பெண், “பிணத்திலிருந்து தொற்று எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று அந்தத் தெருவில் யாராவது முன்கூட்டிப் போய்ச் சொன்னார்களா?” என்று கேட்டாள். பயந்தவனைக் கொடியவன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது, பயம் போவதற்கு வழி செய்ய யார் கடமைப்பட்டவர்கள் என்று அன்று வெகுநேரம் பேசினார்கள். நான் அருகில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

நாம் படித்த காலத்தில் காரைக்குடிக் கம்பன் விழாவுக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில் வாலியை இராமன் மறைந்து நின்று எய்தது அறமா என்று அறிஞர்கள் இரு அணியாக வாதாடுவார்கள். நடுவர் தீர்ப்புச் சொல்வார், நாம் கைதட்டிவிட்டுப் பஸ் பிடிப்போம். அந்தத் தமிழை இன்றும் நேசிக்கிறேன். ஆனால் வாலியின் வீட்டார் அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த வளவில் அப்படி இல்லை. எதைப் பற்றிப் பேசினாலும் அதில் அடிபடுகிறவர்களில் ஒருவர் ஏதாவது ஒரு தூணருகே இருக்கிறார். நடுவரும் இல்லை. அதனால் பேச்சே வேறாக இருக்கிறது.

வீடுகளைப் பற்றிய வாதத்தை நீ முழுவதும் கேட்க வேண்டும். மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, அங்கே வேலை பார்த்தவர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள் அல்லவா? பல ஊர்களின் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்க வைத்தார்கள். பேத்திதான் ஆரம்பித்தாள். “இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது அறை. சொந்த ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருக்கும்போது இவற்றைப் பூட்டி வைப்பது எந்த நியாயம்?” என்றாள்.

பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இருக்கும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். ஆண்டுக்கு ஒருமுறை முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கு வந்து திறப்பார்கள். ஒவ்வொரு அறைச் சாவியும் ஒவ்வொருவரிடம். இல்லாதவர் பொருளை அவரைக் கேட்காமல் எடுத்து தர்மம் செய்வது தர்மமா என்று கேட்டான். கல் போடும் வீட்டுப் பையன் அதுவரை பேசவில்லை. அவன் கோபப்படவே இல்லை, நிதானமாகத்தான் சொன்னான்: “அந்த வளவுகளில் கிடக்கும் கல்லை எங்கள் தாத்தா கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றி வார்த்தார். வார்த்தவன் பேரன் காய்ச்சலோடு வந்தால் அதில் படுக்கக் கூடாதா?”

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணத்தில் கட்டிய வீடுகள் அவை. ஊரே கூடுவதற்கென்று கட்டியவை. கல்யாணம், சாவு எதுவானாலும் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகத்தான் அவ்வளவு பெரிய தாழ்வாரப் பத்தியும் முற்றமும். அதனால் என் மனம் பேத்தி பக்கமும் அந்தப் பையன் பக்கமும் சாய்ந்தது. வாதம் முடிந்தது என்றே நினைத்தேன்.

நர்சிங் படிக்கும் பெண் கேட்டாள்: “கழிப்பறை எத்தனை இருக்கிறது?” பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில், கிணற்றைத் தாண்டி ஒன்றோ இரண்டோ இருக்கும். நாற்பது பேர் நாற்பது அறையில் தனித்தனியே படுத்து ஒரே கழிப்பறைக்குப் போனால் அதற்குத் தனிமைப்படுத்தல் என்று பெயரில்லை என்றாள். பள்ளிக்கூடம் இதைவிட மோசமில்லையே என்றும் கேட்டாள். அடுத்து எதிர்வீட்டுச் சிறுமி வாய் திறந்தாள். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள். “வீட்டைத் திறப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். திறந்தால் பெருக்கித் துடைக்கப் போவது என் அம்மா. அவரிடம் யாரும் கேட்கவில்லையே.”

ஒருவரும் பேசவில்லை. பேத்தி எழுந்து போய், அதுவரை குறிப்பெழுதிக்கொண்டிருந்த தாளைப் புரட்டி மறுபக்கத்தில் எழுதத் தொடங்கினாள். மறுநாள் அந்த அம்மாளையே அழைத்து உட்கார வைத்துக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, இரட்டைக் கூலி கொடுத்து, அத்தனை நாளும் மகளை வேறு வீட்டில் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதானால் செய்கிறேன் என்றார். பங்காளிகளுக்குப் பிள்ளைகள் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். முதலில் எழுதிய தாளில் ‘மனிதநேயம்’ என்று தொடங்கியிருந்தார்கள். அனுப்பிய கடிதத்தின் முதல் பத்தியில் துப்புரவு செய்கிறவரின் கூலியும் பாதுகாப்பும் இருந்தன. இரண்டாவதில் தற்காலிகக் கழிப்பறைக்கான செலவு. வீட்டைப் பற்றிய வேண்டுகோள் மூன்றாவதாகத்தான் வந்தது.

மூன்று பங்காளிகள் சம்மதித்தார்கள். ஒருவர் அறையில் படைப்புச் சாமான்கள் இருக்கின்றன என்று மறுத்தார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. வீடு திறக்கவில்லை. அதற்குள் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் 14 நாள் முடிந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்கு வருத்தந்தான். எனக்கும் வருத்தந்தான், அந்த அறைகள் எதற்காகக் காத்திருக்கின்றன என்று அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்ததும் ஒரு நாள் பேச்சாயிற்று. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று அறிவித்தார்கள். எதிர்வீட்டுச் சிறுமி பொதுத்தேர்வை நம்பி இருந்தவள், அரையாண்டில் அவளுக்கு மதிப்பெண் குறைவு. தனக்கு நட்டம் என்று தெரிந்தும் ரத்து செய்தது சரி என்றாள். அவள் தோழி இருக்கும் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள், அந்தத் தோழி எப்படி வந்து எழுதுவாள் என்பது இவள் கேள்வி.

ஒரு வாதத்தில் மட்டும் நான் குறுக்கே பேசினேன். மூச்சுக் கருவி ஒன்று, நோயாளி இருவர் என்றால் யாருக்கு? இத்தாலியில் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம், இடம் போதாமல் போனால் வயது வரம்பு வைக்க நேரலாம் என்று மார்ச் மாதமே எழுதியதைப் பேரன் எடுத்துச் சொன்னான். வாழ வேண்டிய ஆண்டுகள் அதிகம் உள்ளவருக்கே கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டான். அவனுக்குக் கல்மனம் இல்லை. எண்ணால் முடிவு செய்தால் பணமும் செல்வாக்கும் உள்ளே நுழையாது என்று அவன் நம்புகிறான். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் சொன்னேன்: எனக்கு முன்னால் ஒரு இளம் தாய் மூச்சுக்குத் தவித்தால் என் படுக்கையை நான் விட்டுக்கொடுப்பேன். அது நான் கொடுப்பது. அதையே என்னைக் கேட்காமல் என் வயதைப் பார்த்து எடுத்துக்கொண்டால், கொடுக்கும் உரிமையையும் சேர்த்து என்னிடமிருந்து பறித்துவிடுகிறீர்கள். பேரன் ஏற்கவில்லை. மயக்கத்தில் கிடக்கிறவரை எப்படிக் கேட்பது என்கிறான். இன்றுவரை அதே நிலையில்தான் இருவரும் நிற்கிறோம். உன் மகள் இதைத் தினமும் பார்க்கிறவள், அவளுக்கு ஓய்வு கிடைத்தால் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது.

சாத்தான்குளம் செய்தி வந்த வாரம் வாதமே நடக்கவில்லை. கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்று ஜூன் 19 அன்று போலீஸ் நிலையத்தில் வைத்து அடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்த சில நாளில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். இதில் எதிரணி என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? ஆனால் பேரன் ஒன்று சொன்னான், அதை உனக்கு எழுதியே ஆக வேண்டும். மார்ச் மாதம் தெருவில் வந்தவர்களைப் போலீசார் லத்தியால் அடித்த, தோப்புக்கரணம் போட வைத்த காட்சிகள் கைபேசியில் வந்தபோது அவனும் அவன் நண்பர்களும் சிரித்து, பிறருக்கும் அனுப்பினார்களாம். “அன்றைக்கே அது தவறு என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை, நானும் யாருக்கும் சொல்லவில்லை” என்றான். பத்தொன்பது வயது அவனுக்கு. நீதித்துறை நடுவரிடம் உண்மையைச் சொன்ன தலைமைக் காவலர் ரேவதியைப் பற்றி நர்சிங் படிக்கும் பெண் பேசினாள். அதே நிலையத்தில் மறுநாளும் வேலைக்குப் போக வேண்டிய ஒரு பெண் வாய் திறப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், நாளை தன் மருத்துவமனையில் தவறு கண்டால் தான் சொல்வேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் நீ குறை சொல்லியிருக்கிறாய். கைபேசி அவர்கள் கையிலும் இருக்கிறது. அரசாணையைத் தேடிப் படிக்கவும், இத்தாலியில் என்ன எழுதினார்கள் என்று பார்க்கவும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

வரும் வாரம் இணைய வகுப்பைப் பற்றிப் பேசப் போகிறார்கள். எதிர்வீட்டில் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி. வகுப்பில் எல்லோரிடமும் கருவி வந்து சேரும்வரை பாடத்தைத் தொடங்கக் கூடாது என்கிறாள் பேத்தி. அதுவரை மற்றவர்கள் படிப்பை நிறுத்தி வைப்பதா என்கிறான் கல் போடும் வீட்டுப் பையன், அவனே தம்பிக்குத் தன் கைபேசியைக் கொடுத்துவிட்டு வருகிறவன். நீ இத்தனை ஆண்டு தலைமை ஆசிரியையாக இருந்தவள். உன் கருத்தை எழுதி அனுப்பு, வளவில் படித்துக் காட்டுகிறேன். தபால் தாமதமானால் சனிக்கிழமைக்குள் தொலைபேசியில் கூப்பிடு.

என்றும் அன்புடன்,
உன் கோட்டையூர்த் தோழி