கதவைத் தட்டாமல் காத்திருந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு அது முற்றியபோது எங்கள் வீட்டுக்குத் தோள் கொடுத்த உங்களுக்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல். தம்பி படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன்.

முதல் நன்றி, மனநோய் முற்றும் நேரத்தில் வீட்டுக்கே வந்து உதவும் நெருக்கடிக் குழுவுக்கு. மாத்திரையை நிறுத்தி, தூக்கம் கெட்டு, சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்ற பயத்தில் அவன் அறையைத் தாழிட்டுக்கொண்டு நின்ற இரவு அது. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சைரன் இல்லாமல் நடந்து வந்தீர்கள். நர்ஸ் அக்கா, நீங்கள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தீர்கள். விஷம் இல்லை என்று வாதாடவில்லை, இருக்கிறது என்று தலையாட்டவும் இல்லை. "இப்படி ஒரு பயம் இருந்தா எனக்கும் தூக்கம் வராது தம்பி. எவ்வளவு நேரமா நின்னுட்டு இருக்கீங்க?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் அவன் வாய் திறந்தான். தாழ்ப்பாள் திறக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை உங்களில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

உடன் வந்த காவலருக்கும் நன்றி. கூடி நின்ற எங்களை விலக்கி, "ஒருத்தர் மட்டும் பேசட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் தள்ளி நின்றீர்கள். இப்படி நிற்பதற்கும் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல், மனநோயால் தவித்த இளைஞர் ஒருவர் கத்தியுடன் நின்றபோது காவலர்கள் சுட்டதில் இறந்துபோனார். அதன் பிறகு நோயாளிகளின் குடும்பங்களும் மருத்துவர்களும் காவல்துறையுடன் உட்கார்ந்து பேசி, 1988இல் நெருக்கடித் தலையீட்டுக் குழுவை உருவாக்கினார்கள். அங்கிருந்து பரவிய, காவலர்களுக்கான 40 மணி நேரப் பயிற்சி இன்று பல ஊர்களில் நடக்கிறது. அதன் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் உறவினர்கள் நிம்மதியாகக் கலைந்துவிடுவார்கள். உண்மையில் தற்கொலை ஆபத்து மிகுந்திருப்பது அந்த முதல் வாரங்களில்தான். அப்போது வீடு தேடி வந்த சமூகப் பணியாளருக்கு என்ன கைம்மாறு செய்வேன்! அடுத்த முறை யாரை அழைப்பது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் அறைக்குள் வரக்கூடாது என்பதையெல்லாம் தம்பியே சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினீர்கள். ஒரு பிரதி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, அவனிடம் எப்போதும்போலப் பேசும் அந்த வீட்டாருக்கும் நன்றி.

தம்பி சாப்பிடும் க்ளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தை எடுப்பவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால், தொடக்கத்தில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை உண்டு. கூட்டம் சேரும் முன்பே அவனை உள்ளே அழைத்து, "எந்தக் கையில் எடுக்கட்டும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்ட பரிசோதனைக்கூட இளைஞரைப் பற்றியும் மறக்காமல் எழுதச் சொன்னான் என் தம்பி.

பிறர் காதில் விழாத குரல்களைத் தானும் கேட்டு வாழ்ந்து, இப்போது பிறருக்குத் துணை நிற்கும் நண்பரே, உங்களால்தான் அவன் பகல்நேர மன்றத்துக்குப் போகிறான். மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸின் வழியில் நடக்கும் மன்றம் அது. அங்கே அவன் நோயாளி இல்லை, கணக்கு எழுதும் உறுப்பினர்.

இவ்வளவும் எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அடுத்த வட்டாரத்தில் இதே நிலையில் உள்ள குடும்பத்துக்கு இரவில் வர ஆள் இல்லை. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் மனநல மையங்கள் சில படுக்கைகளுடன் 24 மணி நேரமும் திறந்திருக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. நடக்காத காரியம் இல்லை. எனவே நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை: குழுவின் இரவுப் பணியை நிரந்தரமாக்குங்கள், அடுத்த வட்டாரத்துக்கும் நீட்டுங்கள். அதற்கான மனுவில் நானும் தம்பியும் முதலில் கையெழுத்திடுகிறோம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஓர் அக்கா