சாவிக்காகக் கையைக் கட்டிய பையன்

ஆசிரியருக்கு வணக்கம். சைக்கோபதி, அதாவது பிறர் வலிக்கு இரக்கமோ செய்த தவறுக்குக் குற்ற உணர்வோ எழாத ஆளுமைக் கோளாறு பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை படித்தேன். 'இவர்களைத் திருத்தவே முடியாது' என்ற வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1995 முதல் இயங்கும் மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையத்துக்கு, சிறார் சிறைகள் சமாளிக்க முடியாமல் அனுப்பிய பையன்கள்தான் வருகிறார்கள். அங்கே தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. இன்றைக்கு ஒழுங்காக நடந்தால் நாளைக்கே ஒரு சலுகை, அவ்வளவுதான். வெளியே வந்தபின் அவர்களிடம் வன்முறைக் குற்றங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என் வகுப்பில் ஏழாவது படித்த ஒருவன், பக்கத்துப் பையன் கையில் காம்பஸ் முனையால் குத்திவிட்டு ரத்தத்தை வேடிக்கை பார்த்தான். அவனுக்கு நோய்ப் பெயர் சூட்ட எனக்குத் தகுதியில்லை. முட்டி போட வைத்தோம், பெற்றோரை வரவழைத்தோம், அசையவே இல்லை. அப்புறம், யாரையும் தொடாத நாளில் விளையாட்டு அறைச் சாவி அவனுக்கு என்றேன். இரக்கம் வந்ததா தெரியாது; சாவிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நம் கூர்நோக்கு இல்லங்களில் ஒன்றிலாவது இந்த முறையைச் சோதனையாகத் தொடங்கி, அங்குள்ள ஆலோசகர்களுக்கு அரசு பயிற்சி தர வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி