தூங்கினீர்களா என்று கேட்டவர்களுக்கு

மேல்வீட்டு அக்காவுக்கும், காய்ச்சல் கணக்கெடுக்க வந்த தங்கைக்கும், 104 மருத்துவ உதவி எண்ணில் பேசியவருக்கும் வணக்கம்.

ரொம்பத் தாமதமான நன்றி இது. 2020 மார்ச் 24 மாலை கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு வந்தபோது என் மனைவியும் மகளும் திருநெல்வேலியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் பெரம்பூரில் தனியாக. அன்றிரவு அறிவித்த ஊரடங்கு 21 நாள்தானே என்று நினைத்தேன். செப்டம்பர் 7-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடிய பிறகுதான் அவர்கள் வந்தார்கள்.

அப்போது எனக்கு வயது 48. பெரியவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டார்கள். எங்கள் வயதுக்காரர்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை. ஊரில் அப்பாவுக்கு மாத்திரை கிடைக்கிறதா என்று காலையில் ஒரு போன், மகளின் ஆன்லைன் வகுப்புக்கு ரீசார்ஜ், பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கடன். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று மனைவி கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

நன்றாக இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்கும். ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டரில் விரலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 97. கொஞ்ச நேரம் கழித்து 98. அப்போதும் நம்பிக்கை வராது, அடுத்த விரலை வைப்பேன்.

அக்கா, ஜூனில் மறுபடி முழு ஊரடங்கு போட்ட அந்த 12 நாளும் வயர் கூடையில் கயிறு கட்டி ரசமும் சோறும் இறக்கினீர்கள். கழுவின கிண்ணத்தை நானே பால்கனியில் நின்று காட்டினால்தான் கயிற்றை மேலே இழுப்பீர்கள். என் முகத்தைப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த நாள்களில் நான் முகம் கழுவியதே அதற்காகத்தான்.

தங்கையே, காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா என்று தினமும் கேட்டுக் குறித்துக்கொண்டு போவீர்கள். ஒருநாள் பேனாவை மூடிவிட்டு, "சார், தூங்கினீங்களா?" என்றீர்கள். கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெயிலில் இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருந்தும் நின்றீர்கள். 104-க்குப் போன் செய்யச் சொன்னதும் நீங்கள்தான். அன்று இரவு எடுத்தவர் அவசரப்படுத்தாமல் முழுக்கக் கேட்டார், டாக்டரைப் பார்க்கச் சொன்னார். இதயத்தில் கோளாறில்லை, இது மனப்பதற்றம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையும் பேச்சுமாக எட்டு மாதத்தில் தேறினேன்.

கொரோனாவின் முதல் வருடத்தில் உலகம் முழுக்க மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று கூசிக் கிடந்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன.

தங்கையே, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைத் தவிர உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். தூங்குகிறேன் அம்மா, பால்காரர் மணி அடிக்கும் வரைக்கும்.