மைக்கை மூடிவிட்டுப் பாடம் நடத்தலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பள்ளிகளுக்கு விடுமுறைதான். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மண் சரியும் சாலையில் பிள்ளைகளை அனுப்பாமல் ஆன்லைனில் பாடம் நடத்துவது நல்லதுதான். ஆனால் நடத்துகிற விதம் மனதை உறுத்துகிறது.

போன மழையில் என் பேத்தியின் வகுப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பிரிவுகளையும் சேர்த்து அறுபது பேர். வந்ததும் எல்லோருடைய மைக்கையும் ஆசிரியை மூடிவிட்டார். நடுவில் ஒரு பையனைப் பெயர் சொல்லி, "வீடியோ ஏன் ஆஃப்ல இருக்கு, தூங்குறியா?" என்று அதட்டினார். மைக் மூடியிருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் பெயர் திரையிலிருந்து மறைந்தது. டவர் போயிருக்கலாம், அவமானமாகவும் இருந்திருக்கலாம். யாரும் விசாரிக்கவில்லை. அந்த ஆசிரியையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அறுபது பேரை ஒருவர் தலையில் கட்டினால் வேறென்ன நடக்கும்?

நான் பந்தலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவள். 2020-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 31 பிள்ளைகளை ஒரு வருடத்துக்கு மேல் நான் நேரில் பார்க்கவே இல்லை. பாதிப் பேர் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் (வரிசை வீடுகள்) பிள்ளைகள். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, அது பெரிய உதவி. ஆனால் டிவியிடம் "புரியலை டீச்சர்" என்று சொல்ல முடியாதே! அதனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் தினமும் ஐந்து பேரிடம் போனில் பேசினேன். எடுத்ததும் பாடம் பேச மாட்டேன். சாப்பிட்டியா, அம்மா இன்னைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாங்க, ஆனை வந்துச்சா என்றுதான் கேட்பேன். முதலில் "ம்" மட்டும்தான் பதில். நாலாவது ஐந்தாவது தடவை அவர்களே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு பையன் அனுப்பும் வீட்டுப்பாடப் படம் எப்போதும் பாதி இருட்டாக இருக்கும். "தெளிவா எடுத்து அனுப்பு" என்று குரூப்பில் எழுதப் போனவள், என்னவோ தோன்றி அவனுக்கே போன் செய்தேன். கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கை நோட்டைப் பிடித்துக்கொள்ள, இவன் படம் எடுத்திருக்கிறான். படத்தின் ஓரத்தில் ஒரு குட்டி விரல் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அன்றிலிருந்து திருத்தத்தை அவனுக்கு மட்டும் குரலில் அனுப்பினேன்: "மூணாவது கணக்குல கடன் வாங்க மறந்துட்ட, மத்ததெல்லாம் சரி." அதைத் தங்கைக்கும் போட்டுக் காட்டுவானாம்.

2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. எல்லோர் முகத்திலும் மாஸ்க். வாசலில் ஒருவன் "வணக்கம் டீச்சர்" என்றான். குரலை வைத்தே அவன்தான் என்று தெரிந்துவிட்டது.

தனியார் பள்ளிகளும் டியூஷன் நடத்துபவர்களும் தயவுசெய்து இருபது இருபத்தைந்து பேருக்கு மேல் ஒரு வகுப்பில் சேர்க்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் மைக்கைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். வீடியோவுக்கு வற்புறுத்தவே கூடாது. ஒற்றை அறை வீட்டில் பின்னால் அம்மா சமைப்பார், தாத்தா படுத்திருப்பார். அதை வகுப்பு முழுக்கக் காட்ட எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? ஆசிரியர்கள் பிள்ளைகளோடு போனில் பேசும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். சம்பளம் இல்லாத வேலையாக அதை யாரும் நெடுநாள் செய்ய முடியாது.

பேத்தியின் பள்ளிக்கும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூன் மழைக்கு முன்னால் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.